கார் இல்லாமல் பெங்களூரில் நல்ல க்ராஃப்ட் பியர்: முதலில் மெட்ரோ லைனைப் பாருங்கள், கடை அப்புறம்

கேள்வி இதுதான்: ஒரு வாரம் ஆபீஸ் வேலையாகப் பெங்களூரு போகிறேன், பகலெல்லாம் ஒயிட்ஃபீல்டில் மீட்டிங், கார் கிடையாது, சாயங்காலம் இரண்டு மூன்று நாள்தான் சும்மா இருப்பேன், நம்ம ஊரில் கிடைக்காத நல்ல க்ராஃப்ட் பியர் (சின்ன அளவில் தனியாகக் காய்ச்சும் பியர்) எங்கே குடிக்கலாம்?

இதை யாரிடம் கேட்டாலும் பத்துப் பதினைந்து கடைப் பெயர் வரிசையாக வந்து விழும். எல்லாமே நல்ல பெயர்கள்தான். ஆனால் சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒயிட்ஃபீல்டிலிருந்து கிளம்பி ஹென்னூருக்கோ சர்ஜாபூர் ரோட்டுக்கோ டாக்ஸியில் போனால் என்ன ஆகும் என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. போய்ச் சேரும்போது எட்டரை ஆகியிருக்கும், தலைவலி வந்திருக்கும், உட்கார இடம் இருக்காது, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மீட்டிங் வேறு. அதனால் நான் வேறு வழியாக வருகிறேன். பெங்களூரில் காரில்லாதவருக்கு நல்ல பியர் என்றால் அது பர்ப்பிள் லைன் மெட்ரோவை ஒட்டித்தான். அந்த லைனில் தங்குங்கள், அந்த லைனிலேயே குடியுங்கள். அதற்குள்ளேயே ஒரு வாரத்துக்குத் தேவையானது தாராளமாக இருக்கிறது, அதுவும் ஊரிலேயே சிறந்ததில் பாதி அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

முதலில் ஒரு விஷயம் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். தமிழ்நாட்டில் 2003-லிருந்து மதுச் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். அங்கே பியர் என்றால் பாட்டிலில் வரும் லாகர் (குளிரில் பக்குவப்படுத்தும் வகை), பெரும்பாலும் ஸ்ட்ராங். பிராண்டைச் சொல்லி, கூலிங் இருக்கா என்று கேட்டு வாங்குவதோடு வேலை முடிந்தது. எந்தக் கடையில் வாங்கினாலும் அதே பியர். பெங்களூரு மைக்ரோப்ரூவரி அப்படி இல்லை. அந்தக் கட்டடத்திலேயே, பெரும்பாலும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் மேசைக்குப் பின்னால் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தெரிகிற எஃகுத் தொட்டிகளிலேயே காய்ச்சி, புளிக்கவைத்து, அங்கிருந்தே குழாயில் ஊற்றித் தருகிறார்கள். இதற்கென்று தனி லைசென்ஸ். அந்த பியர் பெரும்பாலும் பக்கத்து ஒயின் ஷாப்பில் பாட்டிலில் இருக்காது. ஆகவே நல்ல பியர் வேண்டுமென்றால் அந்தந்தக் கடைக்கே நேரில் போக வேண்டும், அதனால்தான் போக்குவரத்து இவ்வளவு முக்கியமாகிறது.

இந்த ஊருக்கு இது திடீரென்று வந்த பழக்கமில்லை. கிங்ஃபிஷர் தயாரிக்கும் யுனைடெட் ப்ரூவரீஸின் ஊர் இது, விட்டல் மல்லையா ரோட்டில் இன்று யுபி சிட்டி நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் ப்ரூவரி இருந்தது. எண்பதுகளிலேயே எம்.ஜி. ரோடு, பிரிகேட் ரோடு பக்கம் மக்கில் டிராஃப்ட் (பீப்பாயிலிருந்து நேராக வரும் பியர்) ஊற்றித் தரும் பப்கள் வந்துவிட்டன. 1989-ல் ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டில் தொடங்கிய பெக்கோஸ் அந்தக் காலத்துப் பெயர். புனேயில் 2009-ல் தூலாலி என்ற மைக்ரோப்ரூவரி வந்தது, 2010-ல் இந்திராநகரில் டாய்ட் வந்தது, 2012-ல் மக்ராத் ரோட்டில் ஆர்பரும் ஒயிட்ஃபீல்டில் விண்ட்மில்ஸும் வந்தன. அதற்கப்புறம் வரிசையாக ஏராளம். பழைய பப் பழக்கம் இருந்த ஊர் என்பதால் குடிக்கிறவர்களும் கேள்வி கேட்கிறவர்களாக இருந்தார்கள், காய்ச்சுகிறவர்களும் கற்றுக்கொண்டார்கள்.

சரி, மெட்ரோ. பர்ப்பிள் லைன் மேற்கே சல்லகட்டாவிலிருந்து கிழக்கே ஒயிட்ஃபீல்டு (காடுகோடி) வரை போகிறது. நடுவில் விட்டுப்போயிருந்த சிறு துண்டும் சேர்ந்து முழு லைனும் 2023 அக்டோபர் 9-ல்தான் ஓட ஆரம்பித்தது. அதற்கு முன்னால் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். ஒயிட்ஃபீல்டு, நல்லூரஹள்ளி, குந்தலஹள்ளி, ஹூடி, கே.ஆர். புரம், பையப்பனஹள்ளி, இந்திராநகர், ஹலசூரு, ட்ரினிட்டி, எம்.ஜி. ரோடு, கப்பன் பார்க், மெஜஸ்டிக் என்று உங்களுக்கு வேண்டிய எல்லாம் ஒரே கோட்டில் இருக்கின்றன. ஒயிட்ஃபீல்டு முனையிலிருந்து இந்திராநகருக்கு 35, 40 நிமிடம். அதே தூரம் சாயங்கால நேரத்தில் சாலையில் எவ்வளவு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ ரயிலில் வருகிறீர்கள் என்றால் இன்னும் வசதி. கே.எஸ்.ஆர். பெங்களூரு ஸ்டேஷனை ஒட்டியே பர்ப்பிள் லைன் ஸ்டேஷன் இருக்கிறது, பெட்டியை இழுத்துக்கொண்டு நேராகப் போய் ஏறிக்கொள்ளலாம். விமானத்தில் வந்தால் ஏர்போர்ட்டுக்கு இன்னும் மெட்ரோ இல்லை, பிஎம்டிசியின் (மாநகரப் பஸ் கழகம்) வாயு வஜ்ரா ஏசி பஸ் இருக்கிறது, தனியாள் கைப்பெட்டியோடு வருவதற்கு நல்ல பஸ், டாக்ஸியைவிடச் செலவு மிகக் குறைவு. மெட்ரோ டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டாம், வாட்ஸ்அப்பிலேயே க்யூஆர் டிக்கெட் எடுக்கலாம். 2025 பிப்ரவரியில் கட்டணம் ஏற்றினார்கள், அப்போது குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 90 ரூபாய் என்று வைத்தார்கள். அப்படியும் டாக்ஸியோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

ஹோட்டலை ஆபீஸ் புக் செய்கிறதா, நீங்கள் செய்கிறீர்களா? நீங்கள்தான் என்றால் ஒயிட்ஃபீல்டில் ரூம் போடாதீர்கள். எம்.ஜி. ரோடு, ட்ரினிட்டி, ஹலசூரு, இந்திராநகர் ஆகிய நான்கு ஸ்டேஷன்களில் ஏதாவது ஒன்றுக்கு நடக்கிற தூரத்தில் போடுங்கள். காலையில் மெட்ரோவில் ஆபீஸ் போவது சாயங்காலம் இரண்டு பியருக்கு அப்புறம் மெட்ரோவில் ஊரைக் கடப்பதைவிட நூறு மடங்கு நல்லது. ராத்திரி கடைசி வண்டி போய்விடுமோ என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குடிக்க வேண்டியதில்லை, நடந்தே ரூமுக்குப் போய்விடலாம். தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்தப் பக்கம் கூடுதல் வசதி உண்டு. ஹலசூரு, கண்டோன்மென்ட் பகுதியில் தலைமுறைகளாகத் தமிழர் வாழ்கிறார்கள், ஆட்டோ அண்ணாக்கள் நிறையப் பேர் தமிழிலேயே பேசுவார்கள். ஆனாலும் நாலு வார்த்தை கன்னடம் பேசுங்கள், அது மரியாதை.

இனி கடைகள். முதல் சாயங்காலம் டாய்ட். இதைச் சொல்வதற்கு எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. டாய்ட்டை எல்லோருக்கும் தெரியும், டூரிஸ்ட் இடம் ஆகிவிட்டது, புதுசாக ஏதாவது சொல்லுங்கள் என்பார்கள் சிலர். தெரிந்த இடம் என்பதாலேயே பியர் கெட்டுப்போவதில்லை, மாறாக அங்கே பியர் வேகமாக விற்பதால் தொட்டியில் தங்குவதே இல்லை. இந்திராநகர் மெட்ரோ சி.எம்.ஹெச். ரோட்டில் இருக்கிறது, அந்த ரோடும் நூறடி ரோடும் சந்திக்கும் இடத்துக்கு நடந்து வந்தால் கடை அங்கேயே. அவர்கள் முகவரியிலேயே 'நம்ம மெட்ரோ பில்லர் 62' என்று போட்டிருக்கிறார்கள், காரில்லாதவருக்கு இதைவிடத் தெளிவாக வழி சொல்ல முடியாது. பல தளங்கள் உள்ள பெரிய இடம், நீங்கள் தனியாள் என்றால் மேசை கேட்காமல் பார் கவுண்டரில் இடம் கேளுங்கள்.

அங்கே என்ன குடிப்பது? டின்டின் டாய்ட் என்று ஒன்று உண்டு, பெல்ஜியன் விட் என்ற கோதுமை பியர் வகை. மால்ட் ஆக்காத (முளைகட்டாத) கோதுமை, கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்த்துக் காய்ச்சுவது அந்த வகையின் பழைய முறை. லாகர் மட்டுமே குடித்துப் பழகிய நாக்குக்கு முதல் கிளாஸாக இதைவிடப் பொருத்தமானது இல்லை. அப்புறம் பாஸ்மதி ப்ளாண்ட், பெயரிலேயே அரிசி இருக்கிறது, வாயில் கனமில்லாமல் லேசாக இருக்கும், குடித்து முடித்ததும் நாக்கில் எதுவும் ஒட்டாது. சாப்பாட்டோடு குடிக்க நான் அதைத்தான் எடுப்பேன். டாய்ட் வைஸ் ஜெர்மன் கோதுமை பியர், இதைப் பற்றிக் கீழே கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. இவை தவிர அந்தந்த சீசனுக்கு ஏதாவது ஒன்று பலகையில் எழுதியிருப்பார்கள், ஏப்ரல், மே, ஜூனில் பெங்களூரு ப்ரூவரிகள் பலவற்றில் மாம்பழம் போட்ட பியர் வரும். அதை ஒரு கிளாஸ் எடுத்துப் பாருங்கள், இரண்டாவது வேண்டாம்.

இரண்டாவது சாயங்காலம் ஆர்பர். எம்.ஜி. ரோடு ஸ்டேஷனில் இறங்கி கருடா மால் பக்கம் சுமார் ஒரு கிலோமீட்டர் நடை, மக்ராத் ரோட்டில் மாலுக்கு எதிர்ப்பக்கம் மூலையாக இருக்கிற கட்டடம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் 1995-ல் தொடங்கிய ப்ரூவரியின் இந்தியக் கிளையாக வந்தது இது, அந்த அமெரிக்கச் சாயல் இன்றும் பியரில் தெரியும். அதாவது ஹாப் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) கசப்பு. ரேஜிங் எலிஃபன்ட் என்ற ஐபிஏ (இந்தியா பேல் ஏல், ஹாப் தூக்கலான வகை) அவர்களுடைய அடையாளம். கசப்பு வேண்டாம் என்பவர்களுக்கு பெங்களூர் பிளிஸ் என்ற கோதுமை பியர் இருக்கிறது. ஆனால் ஆர்பருக்குப் போய்விட்டு ஐபிஏ குடிக்காமல் வந்தால் போனதற்கு அர்த்தமில்லை. இவர்கள் கோவாவில் பீச் ஷாக் என்று கேனில் ஒரு ஐபிஏ போடுகிறார்கள், அது வேறு, இது வேறு. ஐபிஏ என்ற வகைக்கு எதிரி காலமும் வெயிலும்தான். ஹாப் மணம் வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே போகும். தொட்டியிலிருந்து நேராகக் கிளாஸுக்கு வரும் ஐபிஏவை ஒருமுறை குடித்துவிட்டால், கடையில் மாதக்கணக்கில் நின்ற பாட்டில் ஐபிஏ ஏன் வெறும் கசப்பாக இருந்தது என்பது புரியும்.

மூன்றாவது விண்ட்மில்ஸ் கிராஃப்ட்வொர்க்ஸ். உங்கள் மீட்டிங் ஒயிட்ஃபீல்டில் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஈபிஐபி ஜோன் என்ற ஆபீஸ் வட்டாரத்துக்குள் இருக்கிறது, நல்லூரஹள்ளியிலோ ஸ்ரீ சத்ய சாய் ஹாஸ்பிடல் ஸ்டேஷனிலோ இறங்கினால் ஆட்டோவில் சின்ன தூரம். சுவர் நிறையப் புத்தகங்கள், ஜாஸ் கச்சேரிக்கென்றே அமைத்த மேடை, நிதானமான சாப்பாடு. செலவும் கொஞ்சம் அதிகம், அதை மறைக்க வேண்டியதில்லை. மீட்டிங் முடிந்து நேராகப் போய் ஆறு மணிக்கு உட்கார்ந்து எட்டு மணிக்கு மெட்ரோ பிடித்து ரூமுக்குத் திரும்புவதற்கு மிகச் சரியான இடம். க்ளையன்ட்டை அழைத்துப் போக வேண்டியிருந்தாலும் இங்கேதான் போவேன், ஏனென்றால் பேசினால் காதில் விழும். கச்சேரி உள்ள நாளில் டிக்கெட் தனி, முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள். இவர்கள் பியரில் எனக்குப் பிடித்தது அலட்டல் இல்லாமை. பழம், மசாலா, விசித்திரம் எல்லாம் அதிகம் போடாமல் பழைய வகைகளை ஒழுங்காகக் காய்ச்சுகிறார்கள்.

இந்த மூன்றும் போதும். நான்காவது சாயங்காலம் இருந்தால் முதலில் போனதில் எது பிடித்ததோ அதற்கே திரும்பப் போங்கள். பார்டெண்டர் உங்களை அடையாளம் கண்டுகொள்வார், அன்று புதிதாகத் திறந்த தொட்டி எது என்று அவரே சொல்வார், அது எந்தப் பட்டியலிலும் கிடைக்காத தகவல்.

இப்போது எதையெல்லாம் விட்டுவிடச் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றவர்கள் இவற்றைப் பரிந்துரைப்பார்கள். ஹென்னூரிலும் சர்ஜாபூர் ரோட்டிலும் உள்ள பிக் ப்ரூஸ்கி, மாரத்தஹள்ளிப் பக்கம் 2021-ல் வந்த, உலகிலேயே பெரிய மைக்ரோப்ரூவரி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அயர்ன்ஹில், இவை பெரிய குளமும் மரமும் வெளிச்சமுமாகப் பத்துப் பேர் கும்பலாகப் போய் ஒரு சனிக்கிழமையைக் கழிக்க நன்றாக இருக்கும். தனியாள், வார நாள், கார் இல்லை என்றால் போய் வருவதிலேயே சாயங்காலம் தீர்ந்துவிடும். பழைய மதராஸ் சாலையில் கே.ஆர். புரத்தையும் தாண்டி இருக்கிற கைஸ்ட் ப்ரூவரிக்கு மட்டும் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது, காரணம் அவர்கள் பியர் நிஜமாகவே நல்ல பியர். அதற்கு ஒரு வழி உண்டு. கைஸ்ட் தங்கள் பியரை வெளிப் பப்களுக்கும் கெக்கில் (எஃகுப் பீப்பாயில்) அனுப்புகிறார்கள், ஆகவே எம்.ஜி. ரோடு, இந்திராநகர்ப் பக்கம் எந்தப் பப்பில் உட்கார்ந்தாலும் டேப்பில் கைஸ்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். விட்டி விட், அங்கிள் டங்கல், காமசித்ரா ஐபிஏ, இந்த மூன்றில் எது கிடைத்தாலும் எடுக்கலாம். அங்கிள் டங்கல் நிறத்தில் கருப்பாக இருந்தாலும் கனமில்லை, ரொட்டியின் மேலோட்டு வாசனை, கறுப்பு பியர் என்றாலே பயப்படுகிறவர்கள் அதில் தொடங்கலாம்.

எந்த நாள், எத்தனை மணி என்பது எந்தக் கடை என்பதைவிடப் பெரிய விஷயம். செவ்வாய், புதன், வியாழன் சாயங்காலம் ஆறு மணி. இதுதான் என் ஒரே பதில். வெள்ளி, சனி ராத்திரி இந்திராநகரில் நூறடி ரோட்டில் நடக்கக்கூட இடமிருக்காது, பாட்டுச் சத்தத்தில் பார்டெண்டரிடம் ஒரு கேள்வி கேட்க முடியாது, தனியாக வரும் ஆண்களை வாரக் கடைசியில் உள்ளே விடாத இடங்களும் உண்டு, அதை 'ஸ்டேக் என்ட்ரி இல்லை' என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வழக்கம், நாள் முழுக்க வேலை செய்துவிட்டு ஒரு கிளாஸ் பியர் குடிக்க வருகிற மனிதனை அப்படி நிறுத்துவது நியாயமில்லை. வார நாளில் அந்தத் தொந்தரவு அநேகமாக இருக்காது. ஆறு மணிக்குப் போனால் ஹேப்பி ஹவர் இருக்கவும் வாய்ப்புண்டு, ஆனால் நான் சொல்வது அதற்காக இல்லை. கூட்டமில்லாத நேரத்தில்தான் ஊற்றுகிறவருக்கு உங்களிடம் பேச நேரமிருக்கும்.

எப்படிக் கேட்பது என்பதையும் சொல்ல வேண்டும், இங்கேதான் பலர் நல்ல கடைக்குப் போயும் நல்ல பியர் குடிக்காமல் திரும்புகிறார்கள். உட்கார்ந்ததும் பிட்சர், டவர் என்று பெரிய அளவில் எதுவும் சொல்லாதீர்கள். தனியாளுக்கு அது வேண்டாம், நாலு பேர் இருந்தாலும் வேண்டாம், பாதி தீர்வதற்குள் சூடேறி, வாயு இறங்கி, ருசி போய்விடும். முதலில் சாம்ப்ளர் கேளுங்கள். எல்லா வகையிலும் கொஞ்சம் கொஞ்சம் சின்னக் கிளாஸ்களில் ஒரு பலகையில் வைத்துத் தருவார்கள். லேசானதிலிருந்து கனமானதுக்குப் போங்கள், கோதுமை பியரில் தொடங்கி, கசப்பான ஐபிஏவைக் கடைசிக்கு முன்னால், ஸ்டவுட் என்ற கனமான கறுப்பு பியரைக் கடைசியில். ஐபிஏவை முதலில் குடித்துவிட்டால் அதற்கப்புறம் வரும் எதுவும் தண்ணீராகத்தான் தெரியும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏபிவி (ஆல்கஹால் சதவீதம்) எவ்வளவு என்று பாருங்கள். நாலரையும் ஏழும் ஒரே கிளாஸில் ஒரே மாதிரி இருக்கும், மறுநாள் காலை ஒரே மாதிரி இருக்காது.

அப்புறம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, எது புதுசாகத் திறந்தது? எது நன்றாக இருக்கும் என்று கேட்டால் எல்லாமே நன்றாக இருக்கும் என்பார்கள், அல்லது அதிகம் விற்பதைச் சொல்வார்கள். எது இந்த வாரம் திறந்த தொட்டி என்றால் உண்மையான பதில் வரும். கோதுமை பியருக்கு இது மிகவும் முக்கியம். ஹெஃபவைசன் என்ற ஜெர்மன் கோதுமை பியரில் வரும் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் எந்தப் பழமோ மசாலாவோ போட்டதால் வருவதில்லை, அந்த ஈஸ்ட்டே உண்டாக்குவது. புதிதாக இருக்கும்போது இரண்டும் சரிசமமாக, பஞ்சுபோல நுரையோடு எழும்பி வரும். நாளாக ஆக அது மங்கிப்போய் மந்தமான கோதுமைத் தண்ணீராகிவிடும். இந்திய மைக்ரோப்ரூவரிகளில் எங்கே போனாலும் கோதுமை பியர் ஒன்று கட்டாயம் இருக்கும், இரண்டு மூன்று வாரத்தில் தயாராகிவிடும், கசப்பும் குறைவு, நம் காரச் சாப்பாட்டுக்கும் ஒத்துப்போகும். ஆகவே ஒரு கடையை எடைபோட அவர்களுடைய ஹெஃபவைசன் போதும். அதுவே சரியில்லை என்றால் மற்றதைக் குடித்துப் பார்க்க வேண்டியதில்லை, பில்லைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடலாம்.

இன்னொரு அளவுகோல் லாகர். பில்ஸ்னர், ஹெல்லஸ் மாதிரி லாகர் வகை ஏதாவது பலகையில் இருந்தால் கவனியுங்கள். லாகரைக் குளிரில் வாரக்கணக்கில் படுக்கப்போட வேண்டும், அவ்வளவு நாள் ஒரு தொட்டி மாட்டிக்கொள்ளும், அதே தொட்டியில் கோதுமை பியரை இரண்டு முறை காய்ச்சி விற்றிருக்கலாம். அப்படியிருந்தும் ஒரு ப்ரூவர் லாகர் போடுகிறார் என்றால் அவருக்கு அதில் பிரியம் இருக்கிறது. குறையை மறைக்க அதில் பழமும் இல்லை, ஐபிஏ அளவுக்கு ஹாப்பும் இல்லை. நல்ல லாகர் கிடைத்தால் நான் அன்றைக்கு வேறெதுவும் குடிக்க மாட்டேன்.

குறை என்றால் என்ன? வெண்ணெய் வாசனை, தியேட்டர் பாப்கார்னில் வருமே அது, பியரில் வந்தால் அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஈஸ்ட் வேலை செய்யும்போது அந்த வாசனைக்கான பொருளை உண்டாக்கும், கடைசியில் தானே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் அதற்கு இரண்டு மூன்று நாள் விட வேண்டும். மாவு புளிப்பதற்குள் இட்லி ஊற்றினால் எப்படியோ அப்படித்தான் இதுவும். நீண்ட வார விடுமுறை முடிந்த கையோடு, தொட்டியெல்லாம் காலியாகி அடுத்ததை அவசரமாகத் திறக்கும் சமயத்தில்தான் இது அதிகம் வரும். பச்சை ஆப்பிள் வாசனையும் அதே மாதிரி முதிராத பியரின் அடையாளம். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. கோதுமை பியர் புளித்தால், அது புளிப்பு வகை என்று மெனுவில் போடாதவரை, பெரும்பாலும் குழாயையோ தொட்டியையோ சரியாகச் சுத்தம் செய்யவில்லை. இதில் எது வந்தாலும் சங்கடப்படாமல் சொல்லுங்கள், மெதுவாக, சண்டை போடாமல். நல்ல கடையில் பேசாமல் மாற்றித் தருவார்கள், அடுத்த கிளாஸை ஊற்றுவதற்கு முன்னால் அவர்களே ஒரு வாய் குடித்துப் பார்ப்பதையும் கவனித்திருக்கிறேன்.

திரும்பி வருவது பற்றி. கார் இல்லை என்று நீங்கள் குறையாகச் சொல்லியிருந்தீர்கள், இதில் குறையே இல்லை. குடித்துவிட்டு ஓட்டினால், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே, முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஒரு பெரிய கிளாஸ் பியரே சிலருக்கு அந்த எல்லையைத் தொட்டுவிடும். வாடகைக்கு ஸ்கூட்டர் எடுக்கலாமா என்ற யோசனை இருந்தால் அதை இங்கேயே விட்டுவிடுங்கள்.

மெட்ரோவில் கடைசி வண்டி இரவு 11 மணி வாக்கில். நீங்கள் ஏறும் ஸ்டேஷனில், நீங்கள் போகும் திசைக்கு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே பலகையைப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். தவறவிட்டால் ஆட்டோ. நம்ம யாத்ரி ஆப்பைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டுநருக்கே முழுப் பணமும் போகும் ஆப் அது, எனக்கு அதில்தான் வண்டி சீக்கிரம் கிடைக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் மீட்டரில் ஒன்றரை மடங்கு என்பது அங்கே சட்டப்படியான கட்டணம், அதற்கு ஓட்டுநரோடு வாக்குவாதம் செய்யாதீர்கள். மழை வந்தால் மட்டும் கதை வேறு. ஏப்ரல், மே சாயங்கால மழையும் செப்டம்பர், அக்டோபர் மழையும் கொட்ட ஆரம்பித்தால் எந்த ஆப்பிலும் வண்டி வராது, ரோட்டில் எதுவும் நகராது. மெட்ரோ அப்போதும் ஓடும். ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் குடியுங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் காரணம். சின்னக் குடை ஒன்று லேப்டாப் பையில் இருக்கட்டும்.

வயது வரம்பு கர்நாடகாவில் 21, பார்க்க இளமையாக இருந்தால் அடையாள அட்டை கேட்பார்கள். பில் விஷயம்: மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, சாப்பாட்டுக்கு உண்டு, ஆகவே பில்லில் இரண்டும் தனித்தனியாகத்தான் வரும், ஆனாலும் ஆபீஸில் சாப்பாட்டுச் செலவைக் கேட்டு வாங்கப் போகிறீர்கள் என்றால் ஆர்டர் செய்யும்போதே இரண்டு பில்லாகப் போடச் சொல்லிவிடுங்கள், கடைசியில் கேட்டால் அவர்களுக்கும் கஷ்டம். வெறும் வயிற்றில் போகாதீர்கள், ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவில் ஒரு கிளாஸ் தண்ணீர், மறுநாள் வேலை இருக்கிறவருக்கு மூன்று கிளாஸுக்கு மேல் ருசியும் தெரியாது.

உங்கள் மீட்டிங் இடம் மாறினால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன், ஐடி ஆபீஸ்கள் கடைசி நேரத்தில் மாற்றுவது சகஜம். எலக்ட்ரானிக் சிட்டி என்றால் 2025 ஆகஸ்டில் திறந்த யெல்லோ லைன் இருக்கிறது, ஆர்.வி. ரோட்டில் க்ரீன் லைனுக்கு மாறி, மெஜஸ்டிக்கில் பர்ப்பிளுக்கு மாறினால் எம்.ஜி. ரோடு, இந்திராநகர் வந்துவிடலாம். இரண்டு தடவை மாற வேண்டும், இருந்தாலும் சில்க் போர்டு ஜங்ஷனில் டாக்ஸிக்குள் உட்கார்ந்திருப்பதற்கு இது எவ்வளவோ மேல். பீன்யா என்றால் க்ரீன் லைனில் மெஜஸ்டிக் வந்து ஒரே மாற்றம். பாக்மனே டெக் பார்க் என்றால் இந்திராநகர் பக்கத்திலேயே, ஆட்டோ போதும். மான்யதா, பெல்லந்தூர் இரண்டும்தான் கஷ்டம், ஏர்போர்ட் வரை போகும் ப்ளூ லைன் முடிந்தால்தான் அந்தப் பக்கம் விடிவு. அங்கே மீட்டிங் என்றால் ஆபீஸிலிருந்து நேராகப் போக முயற்சி செய்யாதீர்கள், மாலை நெரிசல் தணியும்வரை அங்கேயே வேலையை முடித்துவிட்டு, ரூமுக்கு வந்து குளித்துவிட்டு, எட்டரைக்கு மேல் ரூமிலிருந்து நடந்தே போங்கள். கடைகளுக்கு இரவு ஒரு மணி வரை அனுமதி உண்டு.

கிளம்புவதற்கு முன்னால் தேதியை ஒருமுறை பாருங்கள். அக்டோபர் 2 மாதிரி நாட்களிலும், தேர்தல் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்திலும் எங்குமே ஊற்ற மாட்டார்கள். உங்கள் வாரத்தில் அப்படி ஒரு நாள் விழுந்தால் அன்றைய கடையை வேறொரு சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.